ஒரே ஃபேன், ரெண்டு பேர்: வேலையிடத்துச் சண்டையும் வேலை செய்பவர் நலமும்

மணலிப் பக்கம் ஒரு குடோனில் நான் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், ஒரு பெடஸ்டல் ஃபேனுக்காக ரெண்டு பேர் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் லோடுமேன்களுக்கு மேஸ்திரி, ஐம்பதைத் தாண்டியவர். இன்னொருவன் பில் போடுகிற பையன், காலேஜ் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்னி நட்சத்திரம், மேலே தகரக் கூரை, இருப்பது ஒரே ஃபேன். மேஸ்திரி அண்ணன் லாரியிலிருந்து சரக்கை இறக்கிவிட்டு வந்ததும் ஃபேனைத் தன் பக்கம் திருப்பி முழு வேகத்தில் வைப்பார், பையனின் மேஜையில் அடுக்கி வைத்த சலான் எல்லாம் கிளம்பிப் பறக்கும், அவன் ஓடி ஓடிப் பொறுக்கிவிட்டு வந்து ஃபேனை நிறுத்துவான், அவர் மறுபடி போடுவார். ஒரு நாள் மத்தியானம் வெடித்துவிட்டது. “வேர்வை காயறதுக்குள்ள நிறுத்துற, எத்தினி வாட்டி சொல்றது, இன்னா தம்பி உனக்கு?” “சலான் ஒண்ணு காணாப் போனா நான்தானண்ணே திட்டு வாங்கணும், நீங்களா வாங்கப் போறீங்க?” அதற்கப்புறம் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நான் செய்தது சூப்பர்வைசர்கள் வழக்கமாகச் செய்வதுதான். ரெண்டு பேரையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், “நாமெல்லாம் ஒரே குடும்பம், கை கொடுங்க” என்றேன். கொடுத்தார்கள். அடுத்த நாளிலிருந்து மேஸ்திரி, எத்தனை பெட்டி இறங்கியது என்று வாயால் சொல்வதை நிறுத்திவிட்டு, ஒரு துண்டுச்சீட்டில் கிறுக்கி மேஜையில் வீச ஆரம்பித்தார். அவர் எழுதும் 1-ம் 7-ம் ஒரே மாதிரி இருக்கும். பில்லில் எண்ணிக்கை தப்பியது, சரக்கு வாங்கினவர் போனில் கத்தினார், பையனின் சம்பளத்தில் பிடிக்கலாமா என்று ஆபீசில் பேச்சு வந்தது. வாசலில் விரட்டின சண்டை கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் பையன் சாப்பிடப் போன நேரத்தில் அவன் நாற்காலியில் நானே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மேஜை ஃபேனுக்கு நேர் எதிரே கிடந்தது. அதைத் தூணுக்கு அந்தப் பக்கம் பத்தடி நகர்த்திப் போட்டோம், மேஸ்திரிக்கு முழுக் காற்று, பையனின் சலான் இடத்தை விட்டு அசையவில்லை. ரெண்டு பேரும் வாயைத் திறந்தால் ஃபேன் ஃபேன் என்றே கத்தியதால், நானும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியது வேர்வை காய்வது, இவனுக்கு வேண்டியது காகிதம் பறக்காமல் இருப்பது. இப்படி யோசித்தால் அது ரெண்டு பேரும் மோதிக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை.

இதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மேரி பார்க்கர் ஃபாலெட், அமெரிக்கர், 1920-களில் நிர்வாகம் பற்றி நிறையப் பேசியவர். ஹார்வர்டு நூலகத்தில் ஒரு சின்ன அறை, உள்ளே இருந்த ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இவருக்கு மூடியிருக்க வேண்டும். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள், அவருக்குக் காற்று கிடைத்தது, இவர் மேல் வாடைக்காற்று அடிக்கவில்லை. ஃபாலெட் சொன்னது இதுதான்: சண்டையைத் தீர்க்க மூன்று வழி உண்டு, ஒருவர் இன்னொருவரை அடக்குவது, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, ரெண்டு பேர் தேவையும் நிறைவேறுகிற மாதிரி புதுசாக ஒரு வழி கண்டுபிடிப்பது. நம் ஊர் வேலையிடங்களில் முதல் வழியும் ரெண்டாவது வழியும் ஏராளம். மூன்றாவதற்கு யாராவது ஒருவர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை.

சரி, ‘பணியாளர் நலம்’ என்றால் என்ன?

பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி ஆட்கள் இருப்பார்கள். யோகா தினத்தில் பாய் விரிப்பார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்கள், மன அமைதிக்குப் பத்து வழி என்று வாட்சாப்பில் அனுப்புவார்கள். கேக்கில் தப்பில்லை, நானும் ரெண்டு துண்டு சாப்பிடுவேன். ஆனால் வேலை செய்பவரின் நலம் முதலில் தீர்மானமாவது சம்பளம் சொன்ன தேதியில் வருகிறதா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, வாரத்தில் ஒரு நாள் நிஜமாகவே லீவா, தப்பு செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்களா நாலு பேர் முன்னால் கத்துகிறார்களா என்கிற மாதிரி விஷயங்களில். உடம்பு, மனசு, காசு, மரியாதை. இந்த நாலில் ஒன்று ஆட்டம் கண்டாலும் மற்ற மூன்றும் சேர்ந்து ஆடும்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போயிருப்பீர்கள். தீபாவளி நேரத்தில் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி வரை நின்றபடியே புடவை விரித்துப் போடுகிற அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள், வாங்காமல் போகிறவருக்கும் சிரித்த முகம் காட்ட வேண்டும். காலில் நரம்பு சுருண்டுகொள்ளும், பாத்ரூம் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், அதனால் வேறு உபாதை வரும். தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதிச் சேர்த்தது. கேரளாவில் 2018-லேயே இது வந்துவிட்டது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் போட வேண்டியிருக்கிறது பாருங்கள். ஸ்டூல் வந்த கடைகளிலும், முதலாளி பார்க்கும்போது அதில் உட்காரலாமா என்பது இன்னொரு கேள்வி, அதைச் சட்டத்தால் எழுத முடியாது, கடையின் பழக்கத்தால்தான் எழுத முடியும்.

மன அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு, 1979-இல் ராபர்ட் கராசெக் என்பவர் ஒரு விளக்கம் தந்தார், எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் எளிமையானது. வேலை அதிகமாக இருப்பதால் மட்டும் ஆள் உடைந்து போவதில்லை. வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் கையில் இல்லை என்றால்தான் ரொம்பக் கெடுதல். எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குப் போக வரிசையில் நிற்கிற கன்டெய்னர் லாரி டிரைவரை நினைத்துப் பாருங்கள். வண்டி எப்போது உள்ளே போகும் என்று அவருக்குத் தெரியாது, அவரால் ஒரு அடி முன்னால் நகர்த்த முடியாது, விட்டுவிட்டுச் சாப்பிடவும் போக முடியாது, ஆபீசிலிருந்து பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு போன், “எங்க இருக்க, இன்னுமா போகல?” என்று. போன் பண்ணுகிற ஆளுக்கும் மேலிருந்து அதே கேள்விதான் வருகிறது, அவர் கையிலும் எதுவும் இல்லை. இந்த ரெண்டு பேரும் ஒரு நாள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டால் அதற்குக் காரணம் அவர்கள் சுபாவம் என்று எழுதி வைப்போம். அந்த வரிசையில் நம்மை நிறுத்தினால் நம் சுபாவமும் அதுதான்.

வேலை நேரம் பற்றி ஒரே ஒரு விஷயம். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவுக்கு அவ்வளவு எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவிக்க வேண்டி வந்தது. ஓ.டி. காசு கிடைக்கிறதே என்று தொடர்ந்து டபுள் ஷிப்ட் போடுகிறவர்களை நான் தடுத்ததில்லை, இப்போது யோசித்தால் தடுத்திருக்கலாம். மூன்றாவது வாரத்தில் அவர்கள்தான் சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவார்கள்.

இப்படி நீண்ட நாள் ஓடி ஓடிக் கருகிப் போவதை ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதை ஒரு நோயாகச் சொல்லாமல் வேலை சார்ந்த நிலையாக வரையறுத்தது. சமாளிக்காமல் விட்ட தொடர் வேலை அழுத்தத்தின் விளைவு என்று அர்த்தம். அடையாளம் மூன்று: எத்தனை தூங்கினாலும் தீராத அலுப்பு, வேலை மீதே ஒரு வெறுப்பும் விலகலும், செய்வதெல்லாம் உருப்படியில்லை என்ற நினைப்பு. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று “எனக்கென்ன, எப்படியோ போகட்டும்” என்று பேச ஆரம்பித்தால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வதற்கு முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

மனநலம் என்றதும் நம் பக்கத்தில் உடனே வருகிற ஜோக் கீழ்ப்பாக்கம். “இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா” என்று சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லியே, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வெளியே சொல்லவே ஆட்கள் பயப்படுகிறார்கள். 1794-இல் தொடங்கிய வரலாறு உள்ள ஒரு மருத்துவமனையை வசவாக்கி வைத்திருக்கிறோம். முதல் படியாக அங்கே போகவும் வேண்டாம், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், மத்திய அரசு 2022-இல் தொடங்கியது. அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி, வருகைப் பதிவேடு வைக்கிற இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டினால் இன்னும் நல்லது, யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சண்டை என்றால் எல்லாமே ஒன்றில்லை

ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேலையிடத்துச் சண்டையை மூன்றாகப் பிரிப்பார்கள். வேலையைப் பற்றிய சண்டை ஒன்று: இந்தப் பெட்டியைப் படுக்க வைத்து அடுக்கலாமா, நிற்க வைத்தா? இது நல்ல சண்டை, மரியாதையோடு நடந்தால் வேலை திருந்தும். ரெண்டாவது, வேலையைப் பங்கு போடுவதில் வருவது: ஞாயிற்றுக்கிழமை யார் வருவது, கனமான லோடு ஏன் எப்பவும் எங்க கேங்குக்கே வருது? மூன்றாவது, ஆளைப் பற்றிய சண்டை: அவன் மூஞ்சியே பிடிக்கலை, அவன் ஏரியாவே அப்படி. ஆபத்து எங்கே என்றால் முதல் ரெண்டையும் கவனிக்காமல் விட்டால் அவை தானாக மூன்றாவதாக மாறிவிடும், மாறினபிறகு பிரிப்பது கஷ்டம்.

வடசென்னையில் இதற்கு ரத்தக் கறை படிந்த உதாரணம் உண்டு. பெரம்பூர் பக்கம் பி அண்ட் சி மில் என்று நம் தாத்தாக்கள் சொல்வார்களே, பக்கிங்காம் கர்நாடிக் மில், 1996-இல் மூடினார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று அங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்வார்கள். பி.பி.வாடியா தலைவர், கூட திரு.வி.க., மில்லுக்குப் பக்கத்தில் இருந்து தொழிலாளர் குறைகளைக் காதால் கேட்டுப் பழகிய செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு. அந்த ஆரம்பக் குறைகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கூலி உண்டு, ஆனால் கூடவே மத்தியானம் சாப்பிட விடும் நேரம் போதவில்லை என்பதும், மேலே இருக்கும் வெள்ளைக்காரர்கள் கேவலமாக நடத்துகிறார்கள் என்பதும் இருந்தன. கை கழுவி, வரிசையில் நின்று, சோற்றை விழுங்கிவிட்டு ஓடி வர வேண்டும். பணியாளர் நலம் என்று இப்போது கோட் போட்டுக்கொண்டு பேசுகிற விஷயத்தை, அந்த மில்காரர்கள் சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1921-இல் அதே மில்களில் வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் இழுத்தது. ஒரு பகுதித் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் திரும்பவில்லை, அந்தப் பிளவு ஏற்கெனவே இருந்த சாதிப் பிளவின் மேலேயே விழுந்தது. புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. கூலியைப் பற்றித் தொடங்கினது, பக்கத்துத் தெருக்காரனைப் பற்றியதாக முடிந்தது.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் ஒரு பையன் வியாசர்பாடி, காசிமேடு என்று விலாசம் சொன்னால் இன்டர்வியூ எடுக்கிறவர் முகம் ஒரு நொடி மாறுகிறது, அப்புறம் அவன் வேலைக்குச் சேர்ந்து எப்போதாவது குரல் உயர்த்தினால் “ஏரியா புத்தி” என்கிறார்கள். அதே மாதிரி வசதியான அண்ணா நகர்க்காரர் குரல் உயர்த்தினால் “அவருக்கு டென்ஷன்” என்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லோடு தூக்குகிற பையன்களிடம் நம் ஆட்கள் காட்டுகிற முகமும் இதே ரகம். எங்கள் குடோனில் ஒரு முறை ‘தீரே தீரே’ என்று ஒருவன் கத்தியதை, மேலே நின்ற நம் ஆள், ஏதோ திட்டுகிறான் என்று நினைத்துப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்கு இறங்கிவிட்டார். மெதுவா மெதுவா என்று அர்த்தம். அடுத்த வாரம் சுவரில் பத்து வார்த்தை எழுதிப் போட்டோம், இந்தியும் தமிழும் ரெண்டும் தமிழ் எழுத்திலும் இந்தி எழுத்திலும்: மெதுவா, நிறுத்து, தூக்கு, தண்ணி, வலிக்குது. வலிக்குது என்பதைச் சேர்க்கச் சொன்னது ஒடிசாப் பையன் ஒருவன்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் என்ன செய்யலாம்

சண்டை வந்தால் மனுஷர்கள் அஞ்சு விதமாக நடந்துகொள்கிறார்கள் என்று கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற ரெண்டு பேர் 1970-களில் வகை பிரித்தார்கள்: முட்டி ஜெயிப்பது, விட்டுக்கொடுப்பது, ஒதுங்கிப் போவது, பாதிக்குப் பாதி, உட்கார்ந்து பேசி வழி காண்பது. எதுவும் முழுக்கத் தப்பில்லை. ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது ‘நகரு’ என்று கத்தி ஜெயிக்கத்தான் வேண்டும், அங்கே உட்கார்ந்து பேசினால் கால் போய்விடும். டீயில் சர்க்கரை கம்மி என்கிற சண்டையில் ஒதுங்கிப் போகலாம். எப்போதும் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வம்பு.

பேச வேண்டிய சண்டை என்றால் முதலில் தனித்தனியாகப் பேசுங்கள். கூட்டம் இருந்தால் ரெண்டு பேரும் கூட்டத்துக்காகப் பேசுவார்கள், கொஞ்சம் இறங்கிப் போகலாம் என்று தோன்றினாலும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று இறங்க மாட்டார்கள். வாட்சாப் குரூப்பில் ஒருவரைக் கண்டிப்பது அதைவிட மோசம், ஏனென்றால் அந்தக் கூட்டம் கலைவதே இல்லை, ராத்திரி வீட்டில் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னாலும் அது திரையில் நிற்கும்.

அடுத்தது, ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்வது. என்னிடம் ஒரு பேக்கிங் பையன் இருந்தான், அடிக்கடி தாமதம். மூன்று மாதம் “நீ எப்பவுமே லேட்டு, உனக்கெல்லாம் பொறுப்பே கிடையாது” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், அவனும் தலையைக் குனிந்துகொண்டு ‘சாரி சார்’ என்பான், அடுத்த நாளும் லேட். ஒரு நாள் எரிச்சல் இல்லாத நேரமாகப் பார்த்து, “இந்த வாரம் மூணு நாள் ஒன்பதே முக்காலுக்கு வந்திருக்க, முதல் லோடு உனக்காக நின்னுச்சு, என்னப்பா விஷயம்?” என்று கேட்டேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். தங்கச்சியை ஸ்கூலில் விட்டுவிட்டு அவன் வரும் நேரத்துக்குச் சரியாகக் கூட்ஸ் வண்டிக்காகக் கேட் போட்டுவிடுகிறார்கள், ஒன்று போனால் இன்னொன்று. முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க கேக்கவேயில்லையே சார், திட்டுனீங்க, வாங்கிக்கினேன்.” அவனை ஒன்பதே முக்கால் ஷிப்டுக்கு மாற்றி, சாயங்காலம் முக்கால் மணி நேரம் கூட இருக்க வைத்தோம், விஷயம் முடிந்தது. மூன்று மாதம் அவனைப் பொறுப்பில்லாதவன் என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை, அன்றைக்கு அவனுக்கு ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், நம் ஊர் மன்னிப்பு அப்படித்தான். வாயால் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ரெண்டு பேரையும் கடைசியில் எதிரெதிரே உட்கார வைக்கும்போது, ஒருவர் சொன்னதை மற்றவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் பதில் என்று ஒரு விதி வையுங்கள். “அண்ணன் சொல்றது, வேர்வையோட நின்னா அவருக்கு மூச்சு இழுக்குது, அதானே?” என்று பையன் சொல்கிற இடத்தில் பாதிச் சூடு இறங்கிவிடும். என்ன முடிவானது என்பதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள், பத்து நாள் கழித்துப் போய்க் கேளுங்கள். நடுவில் நிற்பவர் இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொன்னால் அன்றோடு அவர் பேச்சுக்கு மதிப்பு போச்சு.

பஞ்சாயத்து பண்ணக் கூடாத இடம்

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது பொய். சமமான ரெண்டு பேருக்கு நடுவில் வருவதுதான் சண்டை. ஒருவர் கையில் இன்னொருவரின் சம்பளமும் வேலையும் இருக்கும்போது, அவர் தினமும் கேவலப்படுத்துகிறார் என்றால் அது கொடுமை, அதை ‘ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு’ என்று சொல்லித் தராசில் வைக்கக் கூடாது. சாதி சொல்லித் திட்டுவது, கை ஓங்குவது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது எல்லாம் சட்டத்துக்குப் போக வேண்டியவை.

பாலியல் தொல்லைக்கு 2013-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் குழு இருக்க வேண்டும், தலைவராக மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துப் பேருக்குக் கீழே என்றால், அல்லது புகாரே முதலாளி மீது என்றால், மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவில் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இதில் பலருக்குத் தெரியாதது ஒன்று: சமாதானம் பேசுவது என்பதே புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால்தான், அதுவும் பணம் கொடுத்து முடிக்கும் சமாதானம் கூடாது. “அவர் வயசுல பெரியவர்மா, ஏதோ தெரியாம, கேஸு கீஸுன்னு போகாத” என்று சொல்கிற சூப்பர்வைசர், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அந்தப் பெண் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றி வைக்கிறார்.

மற்ற குறைகளுக்கு, இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழில் நிறுவனத்தில் குறைதீர் குழு வேண்டும், முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில். 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் 2010-இல் இதைச் சேர்த்தார்கள், 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இது இருக்கிறது. உங்கள் கம்பெனியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், “ஃபைல்ல இருக்குப்பா” என்று பதில் வந்தால் அந்த ஃபைலில் உள்ள பேர்களைக் கேளுங்கள், அதில் உங்கள் பேரே இருக்கலாம், எனக்கு நடந்திருக்கிறது.

ஆறு பேர் வேலை செய்கிற பட்டறைக்கும் மளிகை மொத்த வியாபாரத்துக்கும் குழு கிழு எதுவும் கிடையாது, எச்.ஆர். என்றால் முதலாளியின் மச்சான். அங்கே நான் சிபாரிசு செய்வது ஒரு நாற்பது பக்க நோட்டு. நான் வைத்திருந்தேன், சண்டை நோட்டு என்று பேர். தேதி, மணி, எந்த இடம், எதைப் பற்றி, அவ்வளவுதான், யார் பேரும் எழுத மாட்டேன், பேர் எழுதினால் அது போலீஸ் நோட்டாகிவிடும். ரெண்டு மாதம் எழுதிவிட்டு ஒரு நாள் ராத்திரி புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலான சண்டைகள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் வந்திருந்தன, அதுவும் லாரி தாமதமாகி டீ தள்ளிப்போன நாட்களில், அதுவும் மாதக் கடைசியில். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட ஆட்கள், அஞ்சரை வரைக்கும் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினேன். லாரி வந்தாலும் வராவிட்டாலும் மூன்றரைக்கு டீ, கூட ரெண்டு பிஸ்கட்டோ ஒரு பன்னோ வேண்டும் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார், எப்போ எழுதினே இதெல்லாம் என்பது போல என்னையும் ஒரு தடவை பார்த்தார், அப்புறம் கேட்டது ஒரே கேள்வி.

“பன்னு யார் காசுல?”

கம்பெனி காசில் என்று அந்த நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.